பல குணம், ஒரே கமிட்டி

கிளைக் கமிட்டித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நமக்கு வரும் கடிதங்களில் ஒரே பல்லவி திரும்பத் திரும்பக் கேட்கிறது. "அவர் வாயைத் திறந்தால் சண்டை, அவர் இருக்கும் கமிட்டியில் நான் இருக்க மாட்டேன்" என்கிறார் ஒருவர். "அவர் எதற்கெடுத்தாலும் யோசிக்கலாம், பார்க்கலாம் என்கிறார், அவரை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் நடக்காது" என்கிறார் மற்றவர். "கிராணியைப் பக்கத்தில் உட்கார வைத்தால் நம் பேச்சு ஆபீசுக்குப் போய்விடும்" என்று பால்வெட்டுத் தொழிலாளி சொல்கிறார். "படிப்பில்லாதவர்களோடு எதைப் பேசுவது?" என்று கிராணி சொல்கிறார். சம்பளத்தைப் பற்றிய மனஸ்தாபமோ கொள்கையைப் பற்றிய பேதமோ இவற்றில் இல்லை. ஒருவர் சுபாவம் மற்றவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காகக் கிளை இரண்டாகிறது. இரண்டானதும் சந்தா குறைகிறது. சந்தா குறைந்ததும் சங்கம் இருக்கிறதா இல்லையா என்று நிர்வாகத்துக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஊர் இரண்டு பட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறோம். ஒரே குணமுள்ள பத்துப் பேரைக் கொண்டு கமிட்டி அமைத்தால் அது உருப்படுமா? பத்துப் பேரும் கோபக்காரர்களானால் முதல் வாரத்தில் வேலை நிறுத்தம். இரண்டாம் வாரத்தில் அரிசிக்கு வழியில்லை. பத்துப் பேரும் சாந்த சொரூபிகளானால் மானேஜர் சொன்னதே முடிவு. பத்துப் பேரும் பேச்சாளர்களானால் சந்தா வசூலிக்க ஆள் இருக்காது. பத்துப் பேரும் கணக்குப் பிள்ளைகளானால் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

நாம் செய்யும் தொழிலையே எடுத்துக்கொள்ளலாம். காட்டில் எடுத்த பால் ஸ்டோருக்குப் போகுமுன் உறைந்துவிடக் கூடாது. அதற்கு அமோனியா கலக்கிறோம். ஸ்டோருக்குப் போன பால் உறைந்தே தீரவேண்டும். அதற்குப் பார்மிக் அமிலம் கலக்கிறோம். ஒன்று உறையாமல் காக்கிறது, மற்றொன்று உறைய வைக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமான குணமுடையவை. ஆனால் காட்டு வாளியில் அமிலத்தை ஊற்றுகிறவனும் மூடன். ஷீட் போடும் தொட்டியில் அமிலமே வேண்டாம் என்கிறவனும் மூடன். எது எப்போது, எவ்வளவு என்று அறிந்தவனே தொழில் தெரிந்தவன். கமிட்டி நடத்துவதும் அப்படித்தான்.

தேர்த் திருவிழா பார்த்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். வடம் பிடித்து இழுப்பவர் நூறு பேர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்பவர் இரண்டு பேர். நம்மிடையே "முட்டுக்கட்டை போடுகிறவன்" என்றால் அது வசைச் சொல். ஆனால் முட்டுக்கட்டை இல்லாமல் எந்தத் தேர் தெரு முனையில் திரும்பியிருக்கிறது? கமிட்டியில் "பொறுங்கள், இதற்கு ஆதாரம் இருக்கிறதா? செக்ரோலைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறவரை நாம் துரோகி என்று ஏசுகிறோம். அவர் தேரை நிறுத்த வரவில்லை, திருப்ப வந்திருக்கிறார். ஓடுகிற தேரின் எதிரே கட்டையை வீசுகிறவர் வேறு. இடம் பார்த்துக் கொடுக்கிறவர் வேறு. இந்த இருவரையும் பிரித்தறியும் பக்குவம் தலைவருக்கு வேண்டும்.

இது வெறும் உபதேசமல்ல. நமது சரித்திரமே இதற்குச் சாட்சி. கிள்ளானில் ரயிலேறிப் பிரிக்பீல்ட்சில் இறங்குகிறவர் இன்று வழிநெடுகக் காண்பது வீடுகளும் தொழிற்சாலைகளும்தான். பால்மரம் நின்ற மண் அந்த வட்டாரத்தில் எவ்வளவோ உண்டு. அந்த மண்ணில்தான் 1941ஆம் ஆண்டு, தோட்டத் தொழிலாளி இந்நாட்டில் தலை நிமிர்ந்த மாபெரும் போராட்டம் நடந்தது.

அதை நடத்தியது கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கம். முன்னின்றவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், "தமிழ் நேசன்" பத்திரிகையில் பணியாற்றிய எழுத்தாளர். மற்றொருவர் வொய். கே. மேனன், மலையாளி. இருவர் கையிலும் பால்வெட்டுக் கத்தி இல்லை. கத்தி பிடித்தவர்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள். சைக்கிளில் ஏறித் தோட்டம் விட்டுத் தோட்டம் செய்தி கொண்டுபோனார்கள். எழுதத் தெரிந்தவரும், சட்டம் பேசத் தெரிந்தவரும், லயத்தில் ஆள் திரட்டத் தெரிந்தவரும் சேர்ந்தார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். அன்று ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்ததற்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, முறையான வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்கு வந்துபோகும் சுதந்திரம், சங்கம் அமைக்கும் உரிமை, குறை சொன்னவர்களைப் பழிவாங்காமை ஆகியவையும் இருந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. இந்தப் பட்டியலைப் படிக்கிறவருக்கு ஒன்று விளங்கும்: இது ஒரு மனிதன் மூளையில் பிறந்ததல்ல. கூலிக் கணக்குப் பார்த்தவன் ஒன்றைச் சொல்லியிருக்கிறான்; பிள்ளை பெற்றவன் ஒன்றை; குடியால் குடும்பம் கெட்டதைக் கண்டவன் ஒன்றை; மானத்தில் அடிபட்டவன் ஒன்றை. பல குணம் கூடியதால்தான் பட்டியல் முழுமையாயிற்று.

அதே போராட்டம் மற்றொரு பாடத்தையும் விட்டுச் சென்றது. 1941 மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அதைக் கேட்டுத் தோட்டங்கள் கொதித்தெழுந்தன. வேலை நிறுத்தம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானவர் கைதாயினர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ரத்தத்துக்குப் பொறுப்பு துப்பாக்கி பிடித்த அரசாங்கத்தினுடையது. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தலைவரைப் பறித்தால் இயக்கம் தடுமாறும் என்று அன்றைய அதிகாரம் கணக்குப் போட்டது. பேச்சு வார்த்தைப் பொறுப்பு ஓரிருவர் தலையில் மட்டும் இருக்கும் இடத்தில் அந்தக் கணக்குப் பலித்துவிடும். அவர்கள் போனபின் தொழிலாளர் பக்கம் மிஞ்சுவது கோபம் மட்டுமே. இன்றைய கமிட்டிகளிலும் "எல்லாம் காரியதரிசி பார்த்துக்கொள்வார்" என்று கைகட்டி உட்காருகிறவர்கள் இதை மனதில் பதிக்க வேண்டும். ஒருவர் செய்வதை இன்னொருவரும் அறிந்திருக்காத கமிட்டி, ஒற்றைத் தூணில் நிற்கும் கொட்டகை.

கிராணித் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயமும் அந்தப் பட்டியலில் உண்டு. கொடுமை செய்யும் சிப்பந்திகளை நீக்கித் தமிழ் பேசும் சிப்பந்திகளை வைக்க வேண்டும் என்று அன்று கேட்டார்கள். அக்காலத்துக் கிராணிமாரில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் பலர். அதனால் இது இனப் பகை என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோர் உண்டு. இனப் பகையாயிருந்தால் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் ஒரு மேனன் நின்றிருக்க முடியுமா? பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பல்லாண்டு நடத்திய பி. பி. நாராயணனும் மலையாளிதானே? தொழிலாளி வெறுத்தது பிறப்பையல்ல, நடத்தையை. அதிகாரத்தின் நாக்காகப் பேசிய சிப்பந்தியை வெறுத்தான். தன் பக்கம் நின்ற படித்தவனைத் தலைமேல் வைத்துக்கொண்டான்.

யுத்தத்துக்குப் பின் தொழிற்சங்கங்கள் பல கிளம்பின. 1948இல் அவசர காலம் வந்தபோது பல மறைந்தன. அந்த இருட்டிலும் சில நிலைத்து நின்றன. முதலாளிமாரோ தங்களுக்கென ஒரே சங்கம் வைத்துக்கொண்டு ஒரே குரலில் பேசினார்கள். தொழிலாளர் பக்கம் பல குரல். இந்த நிலையை மாற்றவே 1954இல் ஐந்து சங்கங்கள் கலைந்து ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று.

ஐந்து ஒன்றானது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதன் உள்ளே எவ்வளவு மனப்பக்குவம் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து சங்கம் என்றால் ஐந்து தலைவர், ஐந்து காரியதரிசி, ஐந்து பணப்பெட்டி. ஒன்றானபின் நாற்காலி ஒன்றுதான். நேற்றுவரை தன் சங்கத்தில் முதல் மரியாதை பெற்றவர் இன்று இரண்டாவது வரிசையில் உட்கார வேண்டும். நான்கில் மூன்று பேர் "முடியாது" என்று எழுந்து போயிருந்தால் சம்பள ஒப்பந்தம் ஏது? நமது கிளைகளில் உபதலைவர் பதவி கிடைக்கவில்லை என்று மாற்றுக் கோஷ்டி சேர்ப்பவர்கள் 1954ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சங்கத்தின் பொதுச் செயலாளரான நாராயணன், மேசையில் உட்கார்ந்து பேசிப் பேசி வாங்கும் சுபாவம் உடையவர். 1962இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் காலத்திலேயே வாழ்ந்த வி. டேவிட் வேறு ரகம், மேடையில் நெருப்பு. 1959இல் பங்சார் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர். விசாரணையின்றி ஒருமுறைக்கு மேல் சிறை வைக்கப்பட்டவர். ஒருவர் சங்கத்தைக் கட்சி அரசியலிலிருந்து ஒதுக்கி வைக்க விரும்பியவர். மற்றவர் எதிர்க்கட்சி மேடையிலேயே நின்றவர். இருவர் வழியையும் விமர்சித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் தொழிற்சங்கக் காங்கிரஸ் என்ற ஒரே வீட்டில் இருவருக்கும் இடம் இருந்தது. இருவரும் அதில் தலைமைப் பொறுப்பு வகித்தார்கள். ஒருவர் கதவைத் தட்டுகிறவர்; ஒருவர் கதவு திறந்தபின் பேசுகிறவர். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை.

நமது முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ் மண்ணிலும் இதே பாடம் உண்டு. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளை முதலில் காதுகொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். கடை நடத்திய வியாபாரிகள், பக்திச் சபை நடத்தியவர்கள். அவர்கள் போய் அழைத்தது பி. பி. வாடியாவை, பம்பாய்ப் பார்சிக்காரர், ஆங்கிலத்தில் பேசுகிறவர். கூட நின்றவர் திரு. வி. கலியாணசுந்தரனார், தமிழாசிரியர், பத்திரிகாசிரியர். வியாபாரி, பார்சி, தமிழ்ப் புலவர், ஆலைத் தொழிலாளி! ஒருவர் உடையும் பாஷையும் மற்றவருக்கில்லை. சங்கம் பிறந்தது.

ஆனால் அதே ஆலைகளில் 1921இல் நடந்த வேலை நிறுத்தத்தில் என்ன நேர்ந்தது? மேலே தலைவர்கள் கூடினார்கள். கீழே தொழிலாளர் சாதியால் பிளந்தார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் ஆயினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, வேலை நிறுத்தம் தோற்றது. பிரித்தாண்டவர்களின் சூழ்ச்சியை மட்டும் பழிப்பது போதாது. கூட வேலை செய்பவனின் பசி தன் பசியைவிடக் கடுமையானது, அவன் அஞ்சுவது தான் அஞ்சாத ஒன்றுக்கு என்பதை மற்றவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கோயில் திருவிழாவில் யார் முதலில் என்று இன்னும் சண்டையிடும் தோட்டங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். குணபேதத்தைப் பொறுக்கலாம், சாதிபேதத்தைக் கமிட்டி அறையின் வாசற்படியில் கூட விடக் கூடாது.

இனி நமது கிளைகளுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, பதவியைக் கொடுக்குமுன் குணத்தைப் பாருங்கள். நன்றாகப் பேசுகிறவரைப் பொருளாளராக்குவதும், வாய் திறக்காத கணக்குக்காரரைத் தலைவராக்குவதும் இருவருக்கும் செய்யும் அநியாயம். வீடு வீடாகப் போய் நலம் விசாரிக்கும் சுபாவமுள்ளவர் ஒருவர் எந்தத் தோட்டத்திலும் இருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாக இருப்பார். சந்தாப் புத்தகத்தை அவரிடம் கொடுங்கள். பெண்கள் பால் வெட்டாத தோட்டம் உண்டா? அப்படியிருக்கக் கமிட்டியில் பெண்ணில்லை என்பது வெட்கம். சமையல் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு "பெண்கள் வருவதில்லை" என்று புகார் சொல்வது அதைவிட வெட்கம்.

இரண்டாவது, கூட்டத்தில் தலைவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டால் கூச்சக்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இளையவரிடமும் மௌனமாயிருப்பவரிடமும் முதலில் கேளுங்கள். வெட்டில் எந்த நிரையில் மரம் பட்டுப்போயிருக்கிறது, எங்கே பால் குறைவு, ஏன் எடை குறைகிறது என்ற உண்மை பேச்சாளருக்குத் தெரிந்ததைவிட அந்த மௌனிக்குத்தான் அதிகம் தெரியும்.

மூன்றாவது, மானேஜரைப் பார்க்க ஒருவர் தனியாகப் போகவே கூடாது. இருவராவது போக வேண்டும். அவர்கள் இரு வேறு குணமுள்ளவர்களாக இருக்கட்டும். ஒருவர் பேசட்டும், ஒருவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். கோபக்காரர் மேசையைத் தட்டும்போது நிதானக்காரர் கணக்கைக் காட்டட்டும். இவர் ஏமாந்த இடத்தை அவர் கவனிப்பார். பிற்பாடு "நீ என்ன விட்டுக்கொடுத்தாய்?" என்ற சந்தேகத்துக்கும் இடமிராது.

நான்காவது, அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். முடிவானதை மினிட் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கேட்கும்படி வாசியுங்கள். வெளியே வந்தபின் ஒரே குரலில் பேசுங்கள். தோற்ற அபிப்பிராயக்காரர் அதை அடுத்த கூட்டத்தில் எழுப்பலாம். பெரட்டுக் களத்தில் எழுப்பக் கூடாது. அதேபோல் வென்றவர் தோற்றவரைக் கேலி செய்யக் கூடாது. இன்று அவர் சொன்னது தப்பாயிருக்கலாம். நாளை அவர் ஒருவர் சொல்வதே சரியாயிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குணம் வேறு, குற்றம் வேறு. முன்கோபம், கூச்சம், சந்தேகம், பிடிவாதம், வெகுளித்தனம் எல்லாம் குணங்கள். இவற்றைப் பொறுத்து, வேலை வாங்க வேண்டும். சந்தாப் பணத்தில் கை வைப்பதும், கமிட்டிப் பேச்சை ஆபீசுக்குக் கொண்டுபோவதும், பெண் அங்கத்தினரிடம் முறை தவறுவதும் குணமல்ல, குற்றம். "அவர் சுபாவம் அப்படி" என்று இவற்றுக்குப் போர்வை போர்த்துகிற கமிட்டி அழியும், அழிய வேண்டியதுதான். நாம் பார்த்தவரையில் பல கிளைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முன்கோபக்காரரை வெளியேற்றுகின்றன, பணம் தின்றவரை மன்னித்துவிடுகின்றன.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தனிச் சங்கம் உண்டு; அது நியாயமே. சங்கம் வேறானாலும் தோட்டம் ஒன்று. உங்கள் பேனா எடையில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டால் ஒரு குடும்பத்தின் சம்பளம் குறைகிறது. உங்கள் பேனா நேர்மையாய் நின்றால் பாதித் தகராறு பிறப்பதேயில்லை. சட்டத்தைப் படித்துச் சொல்லவும், மனு எழுதித் தரவும் உங்களைத் தேடி வருகிறவரை "நாளை வா" என்று அனுப்பாதீர்கள். பால்வெட்டுத் தோழர்களுக்கும் ஒன்று: பேனா பிடித்தவனெல்லாம் துரையின் ஆள் என்ற பழைய எண்ணத்தை விடுங்கள். தோட்டம் கைமாறும்போது கிராணியும் வீடு காலி செய்ய வேண்டியவன்தான்.

1960இல் வி. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது நடந்தது இதுவே. துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளி தெருவுக்கு வந்த காலம் அது. நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். மேடையில் எடுத்துச் சொல்ல ஒருவர், நம்பிக் கொடுக்கத் தொழிலாளி, கணக்கு எழுதப் படித்தவர், "இது நடக்குமா?" என்று கேட்டுக் கேட்டுக் கணக்கைச் சுத்தமாக வைக்கச் செய்த சந்தேகக்காரர். இத்தனை பேரும் இல்லாமல் பத்து வெள்ளி தோட்டமாக மாறாது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள் வந்தன.

இன்று நிலைமை இன்னும் கடினம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வருகிறது. பக்கத்து நிரையில் நிற்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கிறார். அவர் பாஷை நமக்குத் தெரியாது, நமது பாஷை அவருக்குத் தெரியாது. தோட்டம் விற்கப்படுகிறது என்ற நோட்டீஸ் ஒட்டப்படும் நாளில் வீட்டுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் யார் பேசுவது? ஒரே லயத்தில் முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவரின் முன்கோபத்தைப் பொறுக்க முடியாதவர்கள், பாஷை தெரியாதவரோடு சேர்ந்து நிற்பது எப்படி? நோட்டீஸ் வந்தபின் கமிட்டி அமைக்க அவகாசம் இராது. கமிட்டியை இப்போதே சரிசெய்து வையுங்கள்.

வரும் தேர்தலில் நீங்கள் வோட்டுப் போடும்போது "எனக்குப் பிடித்தவர் யார்?" என்று கேட்காதீர்கள். "இந்தக் கமிட்டியில் இல்லாத குணம் எது? அது யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்காவது, அவர் யோக்கியராயிருந்தால், கை தூக்குங்கள். ஐந்து விரலும் ஒரே நீளமாயிருந்தால் கத்தியைப் பிடிக்க முடியாது என்பது, விடியுமுன் கத்தி பிடிக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.